நிறம் மாறும் தங்கத் துகள்கள்: மூளை வேதிப்பொருள்களைக் கண்டறியும் உணரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதுளைச் சாறுபோல் சிவந்த நீர்மம் ஒரு சோதனைக்குழாயில் இருக்கிறது. அதில், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்றான டோபமைனின் கரைசலைச் சில துளிகள் விடுகிறோம். சிவப்பு மங்கி ஊதாவாகிறது. பத்து நிமிடத்துக்குள் கருநீலமாகிவிடுகிறது. கருவி வேண்டாம், கண்ணே போதும். முதல் தடவை இதைப் பார்க்கும் மாணவர் எவரும் வேலை முடிந்துவிட்டது என்றே நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதே குழாயில் சமையல் உப்பைப் போட்டாலும் நீலமாகும். அமிலம் சேர்ந்தாலும் நீலமாகும். சரியாகக் கழுவாத கண்ணாடிகூட நீலமாக்கிவிடும். தங்கத் துகளின் நிறத்தை மாற்றுவது எளிது. டோபமைனால்தான் மாறியது என்று நிறுவுவது கடினம். ஆகவே துகள் தயாரிப்பைவிடச் சந்தேகப்படுவதற்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வேதியியல் ஆய்வகத்தில் பழகிய இளங்கலை, முதுகலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை அல்ல இது. காரணம் தயாரிப்புப் பகுதிக்கு வரும்போது தெரியும்.

தங்கம் சிவப்பது எப்படி

தங்கக் கட்டி மஞ்சளாகப் பளபளக்கிறது. அதே தங்கத்தை 13 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் சிவப்பாகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இல் இத்தகைய செந்நிறக் கரைசல்களை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்றார். அந்த நிறத்துக்கான கணிதத்தை 1908-இல் குஸ்டாவ் மீ கொடுத்தார்.

உலோகத்துக்குள் இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள், மேலே படும் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக ஊசலாடுகின்றன. துகளின் இயல்பான ஊசலும் ஒளியின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் இடத்தில் ஒளி பெருமளவு உட்கவரப்படுகிறது. இதற்கு மேற்பரப்பு பிளாஸ்மோன் ஒத்ததிர்வு என்று பெயர். 13 நானோமீட்டர் தங்கத்துக்கு அந்த இடம் 520 நானோமீட்டர் அலைநீளம், அதாவது பச்சை. பச்சையை விழுங்கிவிடுவதால் மிஞ்சும் ஒளி நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

இரண்டு துகள்கள் தம் விட்டத்தைவிடக் குறைந்த இடைவெளிக்கு நெருங்கினால் ஒன்றின் ஊசல் மற்றதன் ஊசலோடு பிணைந்துகொள்கிறது. உட்கவரும் அலைநீளம் 600, 650, 700 என்று நீளும் பக்கம் நகர்கிறது. கரைசல் நீலமாகிறது. நம் உணரியின் இயக்கம் முழுவதும் இவ்வளவுதான்: துகள்கள் தனித்தனியாக இருந்தால் சிவப்பு, திரண்டால் நீலம். உணரி காட்டுவது தூரத்தை. டோபமைனை அது நேரடியாகக் காட்டுவதே இல்லை. இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் தவறான முடிவுகளை எழுதுகிறார்கள்.

இவ்வளவு சிறிய துகள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வலுவாக விழுங்குகிறது என்பதைச் சொல்லும் எண் மோலார் உட்கவர்தல் குணகம். நல்ல சாயம் ஒன்றுக்கு அது ஏறத்தாழ 1 லட்சம் இருக்கும். 13 நானோமீட்டர் தங்கத் துகளுக்கு அது ஏறத்தாழ 27 கோடி. அதனால் லிட்டருக்குச் சில நானோமோல் துகள் இருந்தாலே குழாய் செக்கச்செவேல் என்று இருக்கும்.

வெள்ளித் துகளும் இதே வேலையைச் செய்யும். அது 400 நானோமீட்டரை ஒட்டி உட்கவர்வதால் மஞ்சளாகத் தெரியும், விலையும் குறைவு. ஆனால் குளோரைடு அயனியைக் கண்டால் மேற்பரப்பில் வெள்ளிக் குளோரைடு உருவாகிறது, காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, வெளிச்சத்தில் மாறுகிறது. உடல் நீர்மம் எதுவும் குளோரைடு இல்லாமல் இல்லை. தொடங்குபவர்களுக்குத் தங்கத்தையே பரிந்துரைக்கிறேன்.

படி 1: எதை, எந்த நீர்மத்தில், எந்தச் செறிவில்

ஆய்வகத்துக்குள் போகும் முன் தாளில் எழுதவேண்டியவை இந்த மூன்றும். இதைத் தாண்டிக் குதித்தால் பல மாத உழைப்பு வீணாகும்.

டோபமைன், நார்எபிநெஃப்ரின், எபிநெஃப்ரின் ஆகிய மூன்றும் கேட்டகால் குடும்பம். பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், கூடவே ஓர் அமீன் வால். இந்த இரண்டு கைப்பிடிகளும் இருப்பதால் துகளுக்கு வேலை எளிதாகிறது. செரோட்டோனினுக்கு ஒரே ஒரு ஹைட்ராக்சில்தான். குளுட்டமேட், காபா இரண்டும் சாதாரண அமினோ அமிலங்கள்போல் இருப்பதால், துகள் மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம். நொதியோ, இலக்கு மூலக்கூறைப் பிடிக்கும் ஆப்டாமர் என்ற டிஎன்ஏ இழையோ துணைக்கு வேண்டும். முதல் முயற்சிக்கு டோபமைனே ஏற்றது.

அடுத்து நீர்மம். மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் செல்களுக்கு வெளியே சாதாரண நேரத்தில் இருக்கும் டோபமைன் சில நானோமோலார் அளவே. அதே இடத்தில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சில நூறு மைக்ரோமோலார் இருக்கிறது. பத்தாயிரம் மடங்குக்கு மேல். சிறுநீரில் டோபமைன் ஒரு மைக்ரோமோலாருக்கு முன்பின் இருக்கும். கண்ணால் பார்க்கும் உணரிக்கு எட்டக்கூடியது சிறுநீர்தான்.

இங்கே மனம்விட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். சிறுநீரில் உள்ள டோபமைன் மூளையிலிருந்து வந்ததல்ல. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகமே, டோபமைனின் முன்னோடிப் பொருளான லெவோடோபாவிலிருந்து தயாரிக்கிறது. டோபமைன் இரத்த-மூளைத் தடையைத் தாண்டாது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபமைனுக்குப் பதில் லெவோடோபாவைக் கொடுப்பதே அதனால்தான். ஆகவே 'ஒரு துளிச் சிறுநீரில் உங்கள் மகிழ்ச்சியின் அளவு' என்பதுபோன்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. சிறுநீரில் கேட்டகால் அமீன்களையும் அவற்றின் சிதைவுப் பொருள்களையும் அளப்பதற்கு வேறு நல்ல பயன் உண்டு. அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா ஆகிய கட்டிகளில் இவை உயர்கின்றன. உங்கள் உணரி எதற்காக என்பதை இந்த வேறுபாட்டை அறிந்து எழுதுங்கள்.

காலமும் ஒரு கணக்கு. மூளையில் டோபமைன் நொடிக்குள் ஏறி இறங்குகிறது. கார்பன் நுண்மின்வாயால் அதைத் தொடர முடியும். துகள்கள் திரள நிமிடங்கள் ஆகும். நிற உணரியால் தொடர முடியாது.

படி 2: நிறம் மாறும் வழி

சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) பூசிய தங்கத் துகள் எதிர்மின்சுமை கொண்டது. ஒத்த மின்சுமைகள் விலக்குவதால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. உடலின் பிஎச் 7.4-இல் டோபமைனின் அமீன் நேர்மின்சுமை பெற்றிருக்கும். அது சிட்ரேட்டோடு ஒட்டி விலக்கு விசையைக் குறைக்கிறது. மறுமுனையில் கேட்டகால் தங்கத்தில் பற்றுகிறது. துகள்கள் திரள்கின்றன. எளிமையான வழி இதுதான். மாணவர் செய்முறைக்கு இது போதும், உண்மையான மாதிரிக்குப் போதாது. நேர்மின்சுமை உள்ள எதுவும் இதையே செய்யும்.

இரண்டாவது வழி ஆப்டாமர். டோபமைனை மடித்துப் பிடிக்கும் ஒற்றை இழை டிஎன்ஏ இது. வழக்கத்தில் உள்ளது ஐம்பதுக்கு மேற்பட்ட காரங்கள் நீளமுடையது. தளர்ந்து கிடக்கும் ஒற்றை இழை தங்கத்தின்மேல் படிந்து உப்பிலிருந்து துகளைக் காக்கிறது. டோபமைன் வந்தால் இழை மடிந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, தங்கத்தை விட்டுவிடுகிறது. காவல் போன துகள் உப்பில் நீலமாகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. துகளின்மேல் இரண்டு விதமான கைகளைப் பொருத்துவது. ஒன்று போரோனிக் அமிலம்: அடுத்தடுத்து உள்ள இரண்டு ஹைட்ராக்சில்களைக் கவ்வி வளைய எஸ்டர் ஆக்கும். மற்றொன்று சக்சினிமைடில் எஸ்டர்: அமீனோடு அமைடு பிணைப்பு உண்டாக்கும். இரண்டு கைப்பிடிகளும் உள்ள மூலக்கூறு மட்டுமே ஒரு துகளை இன்னொரு துகளோடு பாலம்போட்டு இணைக்கும். அஸ்கார்பிக் அமிலத்திடம் அமீன் இல்லை. அமினோ அமிலங்களிடம் கேட்டகால் இல்லை. ஒரு கையை ஏமாற்றலாம், இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் ஏமாற்றுவது அரிது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரட்டைப் பிடிப்பைக்கொண்டு எலியின் மூளையிலிருந்து எடுத்த நீர்மத்தில் டோபமைனை அளந்து காட்டியது. குறை, சக்சினிமைடில் எஸ்டர் காரத்தன்மையுள்ள நீரில் விரைவாக நீராற்பகுப்பு அடைந்துவிடும். தயாரித்த உடனேயே பயன்படுத்த வேண்டும். நார்எபிநெஃப்ரின், லெவோடோபா இரண்டிடமும் இரு கைப்பிடிகளும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

நான்காவது வழியில் திரட்சியே இல்லை. கேட்டகால் நல்ல ஒடுக்கி. வெள்ளி அயனியை ஒடுக்கித் தங்க நானோகோல்களின்மேல் பூச்சாகப் படியவைக்கும். பூச்சு தடித்துக்கொண்டே போக, நிறம் பல படிகளாக மாறும். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் வைட்டமின் சியும் அதே ஒடுக்கத்தைச் செய்யும் என்பதால் உண்மையான மாதிரியில் கவனம் தேவை.

இந்த வழிகாட்டியில் ஆப்டாமர் வழியைப் படிப்படியாக எடுத்துக்கொள்கிறேன். வாங்க முடிகிற பொருள்களைக்கொண்டு செய்யலாம், பிழைகளையும் இதில் தெளிவாகக் காட்டலாம்.

படி 3: துகள் தயாரிப்பு

1951-இல் துர்கேவிச் குழுவினர் விளக்கிய சிட்ரேட் முறையே இன்றும் அடிப்படை.

முதலில் கண்ணாடி. குடுவை, காந்தக் கலக்கி, குளிர்விப்பான் அனைத்தையும் இராஜதிராவகத்தில் கழுவ வேண்டும். மூன்று பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு அடர் நைட்ரிக் அமிலம். புகைக் கூண்டுக்குள் மட்டுமே கலக்க வேண்டும். முகக்கவசமும் தடித்த கையுறையும் கட்டாயம். கலந்ததை மூடிய பாட்டிலில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். வாயு வெளிவந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். பின்பு தூய நீரில் பல முறை அலசுங்கள். வீட்டில் செய்யக்கூடாது என்றது இதனால்தான்.

குளோரோஆரிக் அமிலம் ட்ரைஹைட்ரேட் 39.4 மில்லிகிராம் எடுத்து 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும், உலோகக் கரண்டியை அரிக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டியே வேண்டும். இதைக் குளிர்விப்பானோடு பொருத்தி நன்றாகக் கொதிக்க விடுங்கள். ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 114 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து (38.8 மில்லிமோலார்), வேகமாகக் கலக்கிக்கொண்டே ஒரே வீச்சில் ஊற்றுங்கள். துளித்துளியாக ஊற்றினால் துகள்கள் பல அளவுகளில் வளரும்.

அடுத்த நிமிடங்களில் கண்ணை எடுக்காதீர்கள். வெளிர்மஞ்சள் முதலில் நிறமற்றுப்போகும். பிறகு சாம்பல் கலந்த நீலம் பரவி, ஏறத்தாழக் கறுப்பாகும். கெட்டுவிட்டதோ என்று தோன்றும் அந்தக் கணத்தில் அடியிலிருந்து செந்நிறம் எழுந்து ஊதாவைத் தின்றுகொண்டே வரும். சற்றைக்கெல்லாம் குடுவை முழுதும் ஆழ்ந்த சிவப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. மேலும் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்தி 15 நிமிடம் கலக்கி, அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள்.

ஆறியதும் இருண்ட கண்ணாடி பாட்டிலில் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறையவிடக்கூடாது, பனிக்கட்டி துகள்களை நெருக்கித் திரட்டிவிடும்.

படி 4: துகள் நலமா

மூலக் கூழ்மத்தில், அதாவது இன்னும் நீர்க்காத துகள் கரைசலில், துகள் செறிவு ஏறத்தாழ 13 நானோமோலார் இருக்க வேண்டும். கணக்கு எளிது: ஒரு 13 நானோமீட்டர் உருண்டையில் ஏறத்தாழ 68 ஆயிரம் தங்க அணுக்கள், 0.91 மில்லிமோலார் தங்கத்தை அதனால் வகுங்கள். நான்கு மடங்கு நீர்த்துப் புறஊதா-கட்புலன் நிறமாலைமானியில் வைத்தால் 518 முதல் 521 நானோமீட்டருக்குள் ஒரே ஒரு கூரிய முகடு, உட்கவர்தல் 0.9-ஐ ஒட்டி வரும்.

முகட்டைவிட வாலைப் பாருங்கள். 650 நானோமீட்டரின் உட்கவர்தலை 520-இன் உட்கவர்தலால் வகுத்த எண்தான் இனி நம் அளவுகோல். நல்ல துகளுக்கு அது 0.1-ஐ ஒட்டி இருக்கும். தொடக்கத்திலேயே 0.2-ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிட்டு (கழிவுப் பாட்டிலில்) புதிதாகச் செய்யுங்கள். தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. ஒரு தரவரைவு (தெரிந்த செறிவுகளுக்கு எதிரே அளவுகளை வரையும் கோடு) முழுவதையும் ஒரே தொகுதியில் முடிக்கவேண்டும்.

படி 5: உப்பின் எல்லை

ஒவ்வொரு தொகுதிக்கும் இதைச் செய்யாமல் நகராதீர்கள். பத்துக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 250 மைக்ரோலிட்டர் மூலக் கூழ்மம், சோடியம் குளோரைடின் இறுதிச் செறிவு 0, 10, 20 என்று 90 மில்லிமோலார் வரை வருமாறு உப்புக் கரைசலும் நீரும் சேர்த்து மொத்தம் 1 மில்லிலிட்டர். சரியாகப் பத்து நிமிடம் கழித்து விகிதத்தை எடுங்கள். ஓர் எல்லை வரை கோடு தட்டையாக இருந்து, சில பத்து மில்லிமோலாரில் சட்டென்று ஏறும்.

இப்போது இந்த எண்ணை உடலோடு ஒப்பிடுங்கள். இரத்தத்தின் சோடியம் ஏறத்தாழ 140 மில்லிமோலார். பிஎச் மாறாமல் காக்கும் வழக்கமான பாஸ்பேட் தாங்கல் உப்புநீரில் 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. அதாவது டோபமைன் ஒரு மூலக்கூறுகூட இல்லாத தாங்கல் கரைசலே வெற்றுத் துகளை நீலமாக்கிவிடும். நேராகச் சிறுநீரைத் துகளில் ஊற்றி நீலத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்தத் தட்டைக்கோட்டையும் செங்குத்தான ஏற்றத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டோபமைன் கரைசல், நான் விழுந்த குழி

டோபமைன் காற்றிலும் காரத்திலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து முதலில் குயினோனாகி, பின்பு மெலனினைப் போன்ற பழுப்புப் பொருளாகும். கரைசல் இளஞ்சிவப்போ பழுப்போ காட்டினால் பயன்படுத்தாதீர்கள். அமிலத்தில் அது நிலைத்திருக்கும் என்பதால் எல்லோரும் அமிலத்தில் கரைக்கிறோம்.

என் முதல் உணரிக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் டோபமைனைக் கரைத்தேன். 10, 20, 40, 60, 80, 100 மைக்ரோலிட்டர் என்று அளவைக் கூட்டிக்கொண்டே துகளில் சேர்த்தேன். நிறம் படிப்படியாக மாறியது. புள்ளிகள் அழகான ஒழுங்கில் விழுந்தன. அந்த வரைபடத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, உடன் வேலை செய்த தோழி ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டோபமைன் இல்லாத அமிலத்தை இதே அளவுகளில் சேர்த்துப் பார்த்தாயா?" பார்த்திருக்கவில்லை. அன்று மாலையே பார்த்தேன். ஆறு குழாய்களும் அதே வரிசையில் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போயின. நான் மூன்று வாரமாக அளந்தது அமிலத்தை.

காரணம் நேரடியானது. நீர்த்த துகளில் சிட்ரேட் ஏறத்தாழ 1 மில்லிமோலார்தான் இருந்தது. நான் சேர்த்த அமிலம் 9 மில்லிமோலார் வரை போனது. சிட்ரேட் புரோட்டானைப் பெற்று மின்சுமையை இழந்ததும் துகள்கள் திரண்டன.

ஆகவே செய்யவேண்டியது இப்படி: டோபமைன் ஹைட்ரோகுளோரைடு 19 மில்லிகிராமை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலிட்டரில் கரையுங்கள், இது 10 மில்லிமோலார் மூலம். பனிக்கட்டியில், இருட்டில் வைத்து, அன்றைக்கே முடியுங்கள். இதிலிருந்து தேவையான எல்லாச் செறிவுகளையும் அதே 1 மில்லிமோலார் அமிலத்திலேயே நீர்த்துத் தயாரியுங்கள். எந்தச் செறிவானாலும் குழாயில் சேர்ப்பது 10 மைக்ரோலிட்டர் மட்டுமே. டோபமைன் இல்லாத வெற்று மாதிரியிலும் அதே 10 மைக்ரோலிட்டர் வெறும் அமிலம். குழாய்க்குக் குழாய் டோபமைனைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது.

படி 7: ஆப்டாமரை விளிம்பில் நிறுத்துதல்

உணர்திறன் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆப்டாமர் அதிகமானால் துகள் அசையாது. டோபமைன் சில இழைகளைப் பறித்தாலும் மிச்சமுள்ளவை காத்துவிடும். குறைந்தால் எல்லாம் முன்கூட்டியே நீலமாகும்.

படி 5-இல் வெற்றுத் துகள் முழு நீலமான உப்புச் செறிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே உப்பில், ஆப்டாமரின் இறுதிச் செறிவை 0, 10, 20, 50, 100, 200 நானோமோலார் என்று மாற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பாகவே இருக்கும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். இவை தொடக்க அளவுகள். உங்கள் இழை, உங்கள் துகளுக்கு ஏற்ப நகரும்.

சேர்க்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆப்டாமரும் டோபமைன் கரைசலும் தாங்கல் நீரில் சந்திக்கட்டும், 10 நிமிடம். அடுத்து துகள், 5 நிமிடம். கடைசியில் உப்பு. உப்புச் சேர்த்ததும் நேரத்தைக் குறித்து, சரியாகப் பத்தாவது நிமிடத்தில் அளவெடுங்கள். திரட்சி ஓரிடத்தில் நிற்காது. ஒரு குழாயைப் பத்திலும் இன்னொன்றைப் பதினைந்திலும் அளந்தால் காலத்தைத்தான் அளக்கிறீர்கள். ஆகவே உப்பை ஒவ்வொரு குழாய்க்கும் அரை நிமிட இடைவெளியில் சேருங்கள், அதே இடைவெளியில் அளவெடுங்கள்.

கூடவே இன்னொரு வரிசைக் குழாய்கள் வேண்டும். ஆப்டாமரில் உள்ள அதே காரங்களை வேறு வரிசையில் கலைத்துப்போட்ட டிஎன்ஏ இழையை வாங்கி, எல்லாவற்றையும் அதேபோல் செய்யுங்கள். அது டோபமைனைப் பிடிக்கக்கூடாது. ஆனாலும் நீலமானால், டோபமைன் நேராகத் தங்கத்தில் ஒட்டி டிஎன்ஏவைத் தள்ளிவிடுகிறது என்று பொருள். ஆப்டாமருக்கு அதில் பங்கில்லை. இந்தக் கலைத்த இழைச் சோதனை இல்லாத ஆப்டாமர் உணரியை நான் நம்புவதில்லை. செலவு கூடும்தான், இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

படி 8: தரவரைவு

டோபமைனின் இறுதிச் செறிவுகள் 0, 0.1, 0.2, 0.5, 1, 2, 5, 10 மைக்ரோமோலார். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை. வெற்று மாதிரி மட்டும் பத்து முறை. செறிவுக்கு எதிரே விகிதத்தை வரையுங்கள். பொதுவாக இது நீட்டிய எஸ் வடிவில் வரும். நடுவில் நேராக உள்ள பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள், முழுவதையும் நேர்கோட்டுக்குள் திணிக்க வேண்டாம். பத்து வெற்று மாதிரிகளின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிச் சாய்வால் வகுத்தால் கண்டறி எல்லை, அதாவது உணரி காணக்கூடிய மிகக் குறைந்த செறிவு, கிடைக்கும். வெற்று மாதிரி ஒன்றையே பத்து முறை கருவியில் வைத்து எடுப்பது ஏமாற்று. பத்துக் குழாய்களைத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும்.

நிறமாலைமானி இல்லாத இடத்தில் கைப்பேசி கேமராவும் உதவும். உட்புறம் வெள்ளையான பெட்டி, மாறாத ஒரு விளக்கு, கேமராவின் தானியங்கி வெண்சமநிலையும் ஒளியளவும் அணைத்த நிலை. வெற்று மாதிரியும் சோதனை மாதிரியும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். சிவப்பு மதிப்பை நீல மதிப்பால் வகுத்த எண்ணை, பக்கத்திலுள்ள வெற்று மாதிரியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். படத்தை அழகாக்கும் எந்த வடிகட்டியும் தரவைக் கெடுக்கும்.

படி 9: எதிராளிகளை ஒவ்வொருவராக அழைத்தல்

மாதிரியில் டோபமைனோடு கலந்திருந்து உணரியை ஏமாற்றக்கூடியவை இவை: அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், கிரியாட்டினின், யூரியா, குளுக்கோஸ், சிஸ்டீன், குளுட்டதயோன், நார்எபிநெஃப்ரின், எபிநெஃப்ரின், லெவோடோபா, செரோட்டோனின், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அல்புமின். எல்லாவற்றையும் டோபமைனின் அதே செறிவில் சோதித்து 'குறுக்கீடு இல்லை' என்று எழுதும் வழக்கம் உண்டு. அது நேர்மையான சோதனை ஆகாது. மாதிரியில் அவை எந்தச் செறிவில் இருக்கின்றனவோ அந்தச் செறிவில் சோதிக்க வேண்டும். சிறுநீரில் கிரியாட்டினின் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது, டோபமைனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. தனியாகவும் சோதியுங்கள், டோபமைனோடு சேர்த்தும் சோதியுங்கள்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் கெடுக்கும். சிஸ்டீனின் கந்தகம் தங்கத்தை இறுகப் பற்றி, டோபமைன் இல்லாமலே திரட்டும். கால்சியமும் மெக்னீசியமும் இரட்டை மின்சுமையோடு வருவதால், சோடியத்தைவிடக் குறைந்த செறிவிலேயே விலக்கு விசையைத் தணிக்கும். அல்புமின் நேர்மாறு: துகளைச் சுற்றிப் போர்வையாகப் படிந்து, டோபமைன் இருந்தும் சிவப்பாகவே வைத்திருக்கும். பொய்யான நீலத்தைப்பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பொய்யான சிவப்பு அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது எவர் கண்ணையும் உறுத்தாது. ஆப்டாமர் நார்எபிநெஃப்ரினையும் ஓரளவு பிடிக்கும். ஆகவே உங்கள் உணரி காட்டுவது டோபமைன் மட்டுமா, கேட்டகால் அமீன்கள் மொத்தமுமா என்பதை எண்ணோடு எழுதுங்கள். மொத்தம் என்றால் மொத்தம் என்றே எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை.

படி 10: உண்மையான மாதிரி

மனித மாதிரிக்கு நிறுவன அறநெறிக் குழுவின் அனுமதியும் கொடுப்பவரின் ஒப்புதலும் முதலில். நீங்களே கொடுக்கும் மாதிரிக்கும் விதிவிலக்கு எதிர்பார்க்காதீர்கள்.

கேட்டகால் அமீனுக்கான சிறுநீரைச் சேகரிக்கும்போதே அமிலம் சேர்த்துப் பாதுகாப்பது வழக்கம். படி 6-ஐப் படித்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே விளங்கும். சோதனைக்குச் சற்று முன்பு பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, தாமதமின்றி அளக்க வேண்டும். காரம் மிஞ்சினால் டோபமைன் பழுப்பாகிவிடும்.

உப்பைக் குறைக்க நீர்க்கலாம். ஆனால் ஐம்பது மடங்கு நீர்த்தால் டோபமைனும் ஐம்பது மடங்கு குறையும், கண்டறி எல்லைக்குக் கீழே போய்விடும். நல்ல வழி பழைய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) முறை. பிஎச் 8.6-ஐ ஒட்டி அலுமினா கேட்டகாலைப் பிடித்துக்கொள்ளும். உப்பு, யூரியா, கிரியாட்டினின் பெருமளவு கழுவப்பட்டுப் போகும். பின்பு நீர்த்த அமிலத்தில் டோபமைன் வெளிவரும். அந்த அமிலத்தையும் நடுநிலையாக்க மறக்காதீர்கள். இதையெல்லாம் செய்தால் 'கண்ணால் பார்த்து நொடியில் முடிவு' என்ற பெருமை போய்விடுகிறதே என்று வருந்துபவர்கள் உண்டு. தவறான விடையை விரைவாகப் பெறுவதைவிட இது மேல்.

கடைசியாகக் கூட்டல் முறை. மாதிரியை நான்கு பங்காக்கி, ஒன்றில் ஒன்றும் சேர்க்காமல், மற்றவற்றில் தெரிந்த அளவு டோபமைனை 0.5, 1, 2 மைக்ரோமோலார் என்று சேருங்கள். நீரில் வரைந்த தரவரைவின் சாய்வும் இந்த மாதிரிக்குள் கிடைக்கும் சாய்வும் ஒன்றாக இல்லையென்றால், மாதிரியில் ஏதோ ஒன்று துகளைத் தொந்தரவு செய்கிறது. அப்போது நீர் வரைவிலிருந்து விடையைப் படிக்காமல் கூட்டல் கோட்டிலிருந்தே படியுங்கள். அதே மாதிரிகளில் சிலவற்றை மின்வேதி உணரி பொருத்திய உயர்திறன் நீர்ம வண்ணப்படிவுக் கருவியிலும் அளந்து, இரண்டு எண்களையும் அருகருகே வையுங்கள். ஒத்துப்போகாத மாதிரிகளையும் அட்டவணையில் சேர்த்தே காட்டுங்கள்; உணரியின் பலவீனத்தைக் கற்றுக்கொடுப்பவை அவைதான்.

பயன்படுத்திய தங்கக் கூழ்மத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தனிப் பாட்டிலில் சேர்த்து, உப்பைக் கூடுதலாகப் போட்டு ஒரு வாரம் விட்டால் தங்கம் கறுத்த வீழ்படிவாக அடியில் தங்கும். மேல்நீரை வடித்து, படிவை ஆய்வகத்தின் உலோகக் கழிவுப் பிரிவில் கொடுத்துவிடலாம். சிறுநீர் கலந்த குழாய்கள் மட்டும் உயிரியல் கழிவோடு போகவேண்டும்.